தெரிந்த வீட்டில் தெரியாத ஒன்று

ஆரணியை அடுத்த சேவூரில் பட்டு நெய்கிற வீடுகள் பலவற்றில் தறிக்கென்று தனிக் கட்டடம் கிடையாது. கூடத்திலேயே தறி இருக்கும். அதன் அருகிலேயே சாப்பாடும் பிள்ளைகளின் படிப்பும் நடக்கும். பகலெல்லாம் நாடா ஓடும் சத்தம் வீட்டாருக்குத் தாலாட்டு மாதிரி பழகியிருக்கும். அதே சத்தம் நள்ளிரவில், விளக்கணைத்த கூடத்தில், இரண்டே இரண்டு தடவை கேட்டு நின்றுவிடுகிறது என்று ஒரு கதை தொடங்கினால், அந்த வீட்டில் வளர்ந்தவருக்கு முதுகு சில்லிடும். இத்தனைக்கும் பேய் இன்னும் வரவே இல்லை. திகில் புத்தகம் தேடுகிறவர்கள் பெரும்பாலும் ‘எந்தக் கதையில் பேய் பயங்கரமாக வருகிறது?’ என்று விசாரிக்கிறார்கள். நாம் நம்பியிருக்கும் எதை அந்தக் கதை அசைக்கிறது என்று விசாரித்தால்தான் நல்ல புத்தகம் கையில் கிடைக்கும் என்பது என் கருத்து.

பேய்களின் எண்ணிக்கைக்கும் பயத்துக்கும் சம்பந்தமில்லை என்பதற்குத் தமிழிலேயே சான்று உண்டு. முதலாம் குலோத்துங்கன் காலத்துக் கலிங்கப் போரைப் பாடிய சயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணியில் பேய்கள் கூட்டம் கூட்டமாக வந்து, போர்க்களத்திலேயே கூழ் காய்ச்சிக் குடிக்கின்றன. படிக்கிறவருக்கு வியப்பும் சிரிப்பும் வருகின்றனவே தவிர, தூக்கம் கெடுவதில்லை. காரைக்கால் அம்மையார் தம்மையே பேய் என்று சொல்லிக்கொண்டு திருவாலங்காட்டுச் சுடுகாட்டைப் பாடினார். அங்கே பயத்தை மூடிக்கொண்டு பக்தி நிற்கிறது. ஆனால் அதே திருவாலங்காட்டை ஒட்டிய பழையனூரில் ஒரே ஒரு பேய் வருகிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகியும் அவளை மறக்க முடியவில்லை.

அவள்தான் நீலி, முற்பிறவியில் கணவனால் கொல்லப்பட்டவள். மறுபிறவியில் வணிகனாகப் பிறந்த அவனைப் பின்தொடர்ந்து, கள்ளிக் கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, ‘இவர் என் கணவர், என்னைக் கைவிடப் பார்க்கிறார்’ என்று ஊரார் முன் அழுகிறாள். அவன் பதறி மறுக்கிறான். ஊர்ப் பெரியவர்களான வேளாளர் எழுபது பேர் அவள் கண்ணீரை நம்பி, அவன் உயிருக்குத் தாங்கள் பிணை என்று வாக்குக் கொடுத்து, இருவரையும் ஒரே வீட்டில் தங்கவைக்கிறார்கள். விடியும்போது அவன் பிணமாகக் கிடக்கிறான். சொன்ன சொல்லுக்காக எழுபது பேரும் தீயில் இறங்குகிறார்கள். சம்பந்தர் தேவாரத்திலேயே இந்தச் சம்பவத்தின் குறிப்பு இருக்கிறது. இந்தக் கதையில் நம்மை நடுங்கவைப்பது கோரைப்பல்லோ விரித்த கூந்தலோ இல்லை. ஊர்ப் பஞ்சாயத்து, தாலி, குழந்தை, பெரியவர்கள் வாக்கு என்று நம் பாதுகாப்புக்காக ஏற்படுத்தியவை எல்லாம் ஒரே ராத்திரியில் கொலைக்கு உடந்தையாகிவிடுகின்றன. இன்னொன்றும் உண்டு. பொய்யழுகையை ‘நீலிக் கண்ணீர்’ என்கிறோம். அவள் கொலையுண்ட மனைவி என்பதை அந்தச் சொல் வசதியாக மறந்துவிட்டது. பேயெல்லாம் ஏன் பெண்ணாகவே இருக்கிறது என்று திகில் கதைகளைக் கண்டிக்கிறவர்களின் கோபம் நியாயமானது. ஆனால் உயிரோடிருந்தபோது யாரும் காதுகொடுக்காத வழக்கைச் செத்த பிறகாவது அவள் சபைக்குக் கொண்டுவந்தாள் என்ற செய்தியையும் இந்தக் கதைதான் காப்பாற்றி வைத்திருக்கிறது.

புதுமைப்பித்தன் 1940-களில் ‘காஞ்சனை’யை எழுதியபோது பேயை மறுபடியும் வீட்டுக்குள்தான் கொண்டுவந்தார். பிச்சைக்கு வந்தவளை மனைவி இரக்கப்பட்டு வேலைக்கு வைத்துக்கொள்கிறாள். அந்த வீட்டில் இரவில் இனம்புரியாத வாசனை வருகிறது. நடந்தது நிஜமா, எழுத்தாளனான கணவனின் மனக்கலக்கமா என்று கடைசிவரை தீராது. சுஜாதாவின் ‘கொலையுதிர் கால’மும் அறிவியலுக்கும் ஆவிக்கும் நடுவில் வாசகரை நிறுத்திவைக்கிறது. இந்திரா சௌந்தர்ராஜனின் கதையிலிருந்து வந்த ‘விடாது கருப்பு’ தொலைக்காட்சித் தொடர் 1990-களின் பிற்பகுதியில் வீடுகளை உலுக்கியதற்குக் காரணம், கும்பிடுகிற காவல் தெய்வத்தின் மீதே சந்தேகத்தை எழுப்பியதுதான். பி.டி. சாமியின் பேய் நாவல்கள் ஒரு காலத்தில் விறுவிறுப்பாகப் படிக்கப்பட்டவை. அவற்றை ஒரு மூச்சில் முடித்துவிடலாம், ஆனால் மனத்தில் தங்குவது குறைவு என்பேன். ஹொரஸ் வால்போல் 1764-இல் தொடங்கிவைத்த ஆங்கிலத் திகில் மரபுக்குப் பாழடைந்த கோட்டை தேவைப்பட்டது. அங்கே பிரபுக்களின் பழைய பாவங்கள் குடியிருந்தன. அந்தக் கோட்டையை அப்படியே பெயர்த்து இங்கே வைத்தால் வெறும் செட்டாகத்தான் நிற்கும்.

பேய்க் கதைகளெல்லாம் மூடநம்பிக்கையை வளர்க்காதா என்று பகுத்தறிவாளர்கள் கேட்பதை அலட்சியப்படுத்த முடியாது. பேய் ஓட்டுகிறேன் என்று மனநோயாளிகளை அடிக்கிற நாட்டில் அது உயிர் சம்பந்தப்பட்ட கேள்வி. ஆனால் பேயோட்டுகிறவர் நம்மிடம் கேட்பது முழு நம்பிக்கை. ‘காஞ்சனை’ கேட்பதோ சந்தேகம். பயத்தைக் காட்டித் தாயத்து விற்கும் கதையையும், பயப்படுகிற மனத்தை நாமே கவனிக்கச் செய்யும் கதையையும் ஒரே மூட்டையில் கட்டக்கூடாது. முந்தையதை ஒதுக்க வேண்டும் என்பதில் எனக்கும் இரண்டாவது கருத்து இல்லை.

புதிதாகப் படிக்க வருகிறவர் ‘காஞ்சனை’யில் தொடங்கலாம், சிறுகதைதான், ஒரு மணி நேரம்கூட ஆகாது. அடுத்துக் ‘கொலையுதிர் காலம்’, பிறகு ஜெயமோகனின் ‘நிழல்வெளிக் கதைகள்’. நீலி கதையைத் தெரிந்த பெரியவர் யாராவது சொல்லக் கேட்பது இன்னும் நல்லது. தொண்டை நாட்டுக் கதை அது. சேவூரும் தொண்டை நாடுதான். அங்கே ஒரு கூடத்தில், பாதி நெய்த புடவை தறியில் இருக்க, காலையில் ஊடை நான்கு விரற்கடை கூடியிருப்பதைக் கண்டு பேச்சற்று நிற்கும் ஒரு நெசவாளியின் கதையை யாராவது எழுதினால், முதல் ஆளாக வாங்கிப் படிப்பேன்.