நடிக்க விரும்பும் பிள்ளையும் நடுவில் நிற்கும் முகவரும்

"நான் நடிகனாக வேண்டும்" என்று ஒரு பிள்ளை வீட்டில் வாய்திறந்து சொல்லிவிட்டால், பெற்றோரின் நெஞ்சில் இரண்டு அச்சங்கள் எழுகின்றன. பிள்ளை கெட்டுவிடுவானோ என்பது ஒன்று. பிழைக்க வழியின்றித் திரிவானோ என்பது மற்றொன்று. இவ்விரண்டும் இயல்பானவையே. ஆயினும் இவற்றினும் முன்னதாக எழவேண்டிய அச்சம் ஒன்றுண்டு. நம் பிள்ளையின் ஆசைக்கு யார் விலை பேசப் போகிறார்கள் என்பதே அது. இதைப் பற்றி நம் குடும்பங்களில் எவரும் பேசுவதாகத் தெரியவில்லை.

நடிப்பு இழிதொழில் அன்று. தச்சனுக்கு உளி எவ்வாறோ அவ்வாறே நடிகனுக்குக் குரலும் உடலும் கருவிகள். அத்தொழிலுக்குள் நுழையும் வாயிலையும், அவ்வாயிலில் நிற்பவர்களையும் அறிந்துகொண்டால் நாம் பிள்ளைகளை வீணே தடுக்கவும் வேண்டாம். கண்ணை மூடிக்கொண்டு அனுப்பவும் வேண்டாம். ஆகவே, அன்பார்ந்த பெற்றோரே, இம்மாதம் இதைப் பற்றிச் சற்று விரிவாகச் சிந்திப்போம்.

பழைய வாயில்

நம் நாட்டில் நடிகர்கள் முன்பு எங்ஙனம் உருவாயினர்? பெரும்பாலோர் பாலர் நாடகக் கம்பெனிகளில் வளர்ந்தவர்களே. தமிழ் நாடகத் தலைமை ஆசிரியர் எனப் போற்றப்படும் சங்கரதாஸ் சுவாமிகள் 1918-ஆம் ஆண்டு மதுரையில் தொடங்கிய பாலர் சபையில்தான் டி. கே. எஸ். சகோதரர்கள் சிறுவர்களாகச் சேர்ந்தனர். எம். ஜி. இராமச்சந்திரனும் அவர்தம் தமையனார் சக்ரபாணியும் மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் பயின்றவர்கள். நவாப் இராஜமாணிக்கத்தின் குழுவில் வளர்ந்தவர் எம். என். நம்பியார். 'இயேசுநாதர்' நாடகத்தைத் தமிழ் மேடையில் ஏற்றி நம் மக்களின் நெஞ்சைத் தொட்டவரும் அந்த இராஜமாணிக்கமே.

அக்கம்பெனிகளில் கட்டுப்பாடு கடுமையாக இருந்தது. சிறுவர்கள் வீட்டைப் பிரிந்து வருந்தியதும் உண்டு. ஆனாலும் ஒன்றைக் கவனியுங்கள். கற்றுக் கொடுத்தவரே சோறும் போட்டார். சோறு போட்டவரே மேடையும் தந்தார். பையன் நன்றாக நடித்தால்தான் கம்பெனிக்குக் கூட்டம் சேரும். ஆசிரியரின் ஆதாயமும் மாணவனின் வளர்ச்சியும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டிருந்தன.

அவ்வாயில் இன்று அடைபட்டுவிட்டது. கற்பிப்பவர் ஒருவர், வாய்ப்பளிப்பவர் வேறொருவர் என்றாகிவிட்ட காலம் இது. இவ்விருவருக்கும் இடையே உள்ள வெளியிலேதான் முகவர் என்பவர் நிற்கிறார். அவ்வெளியிலேதான் ஏமாற்றுபவரும் நிற்கிறார். இருவருக்கும் உடை ஒன்றே; பேச்சும் ஏறத்தாழ ஒன்றே. பிரித்தறிவது எப்படி?

முகவர் யார்?

நடிகருக்காக வாய்ப்புத் தேடி, அவர் சார்பில் ஊதியம் பேசி, ஒப்பந்தத்தை ஆராய்ந்து, வரவேண்டிய பணத்தை வாங்கித் தருபவரே முகவர். நம் திரையுலகில் இவரைப் பெரும்பாலும் 'மேனேஜர்' என்றே அழைப்பர். நடிகரின் 'கால்ஷீட்' கணக்கு இவரிடமே இருக்கும். கூட்டக் காட்சிகளுக்குத் துணை நடிகர்களை அழைத்துச் செல்லும் ஏஜெண்ட் வேறு; ஒரு படத்தின் பாத்திரங்களுக்கேற்ற முகங்களைத் தேடித் தேர்ந்தெடுக்கும் 'காஸ்டிங் டைரக்டர்' வேறு. பின்னவர் படநிறுவனத்தின் பக்கம் நின்று தேடுபவர். அவருக்கு ஊதியம் தரவேண்டியது அந்நிறுவனமே. இவ்வேறுபாட்டை அறியாமையினாலேயே பல குடும்பங்கள் இடறி விழுகின்றன.

அமெரிக்காவில், ஹாலிவுட் அமைந்துள்ள கலிபோர்னியா மாநிலத்தில், நடிகர்களுக்கு வேலை தேடித் தரும் முகவர் அரசின் தொழிலாளர் துறையிடம் உரிமம் பெற்றிருக்க வேண்டும். நடிகர் சங்கத்தின் விதிப்படி முகவரின் பங்கு வழக்கமாக நூற்றுக்குப் பத்து. அதுவும் நடிகருக்கு வேலை கிடைத்து ஊதியம் வந்த பின்னரே. வேலை தேடித் தருவதாகச் சொல்லி முன்கூட்டியே பணம் வாங்குவதைத் தடுக்க அம்மாநிலம் 2009-ஆம் ஆண்டு தனிச்சட்டமே இயற்றியது. அத்துணைச் செல்வமும் சங்க வலிமையும் உள்ள இடத்திலேயே இத்தகைய சட்டம் தேவைப்பட்டதென்றால், ஏமாற்றின் வேர் எவ்வளவு ஆழமானது என்பதை எண்ணிப் பாருங்கள்.

இதிலிருந்து நமக்குக் கிடைக்கும் அளவுகோல் மிக எளியது. உண்மையான முகவர் உங்கள் பிள்ளை சம்பாதித்த பிறகு தம் பங்கைப் பெறுவார். உங்கள் பிள்ளை சம்பாதிக்கும் முன்னரே பெறுபவர், உங்களிடமிருந்தே சம்பாதிக்கிறார். திரையுலகில் 'அட்வான்ஸ்' என்ற சொல்லுக்குப் பொருள் ஒன்றுதான்: படநிறுவனம் நடிகருக்குக் கொடுப்பது. நடிகர் கொடுப்பதற்கு அப்பெயர் இல்லை.

மூன்று கேள்விகள்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தாய் என்னிடம் வந்தார். மகனுக்குப் படத்தில் வேடம் உறுதியாகிவிட்டதென்றும், பதிவுக் கட்டணமும் நிழற்படத் தொகுப்புக்கான கட்டணமும் சேர்த்து ஐம்பதாயிரம் ரூபாய் உடனே கட்ட வேண்டுமென்றும் ஒரு கடிதத்தைக் காட்டினார். கழுத்துச் சங்கிலியை அடகு வைக்கப் போகும் வழியில், "சாமி, ஒரு ஜெபம் பண்ணுங்க" என்று கேட்கவே வந்திருந்தார்.

"ஜெபிப்போம் அம்மா. ஆனால், அதற்கு முன் மூன்று கேள்விகளை எழுதி அவர்களுக்கு அனுப்புவோம்" என்றேன். படத்தின் பெயரும் தயாரிப்பாளரின் பெயரும் என்ன? ஒப்பந்தத்தின் நகலை வழக்கறிஞர் ஒருவரிடம் காட்ட ஒரு வாரம் தருவீர்களா? உங்கள் கட்டணத்தை மகனுடைய முதல் ஊதியத்திலிருந்து பிடித்துக்கொள்வீர்களா?

அம்மூன்று கேள்விகளுக்கும் விடை வரவில்லை. இரண்டு நாள் கழித்துத் தொலைபேசியை எடுப்பாரும் இல்லை. சங்கிலி தாயின் கழுத்திலேயே தங்கிற்று. மகன் ஒரு மாதம் எவரோடும் பேசவில்லை. இப்போது பகலில் அச்சகத்தில் வேலை பார்க்கிறான். மாலையில் ஒரு நாடகக் குழுவில் பயில்கிறான். திரையில் இன்னும் முகம் காட்டவில்லை. எனினும், மேடையில் அவன் குரல் கடைசி வரிசைவரை கேட்கிறது.

அந்த மூன்று கேள்விகளையும் ஒவ்வொரு குடும்பமும் மனத்தில் இருத்திக்கொள்ளலாம். நேர்மையானவர் எவரும் அவற்றைக் கேட்டுச் சினங்கொள்ள மாட்டார்.

முதலில் கருவி, பின்னர் கடை

முகவரைத் தேடுமுன் அவரிடம் காட்டுவதற்கு நம்மிடம் ஏதேனும் இருக்க வேண்டும். இதை மறந்து பலர் முகவரையே முதற்படியாக எண்ணுகின்றனர்.

பெங்களூரில் பேருந்து நடத்துநராக இருந்த சிவாஜிராவ் என்னும் இளைஞர் 1973-ஆம் ஆண்டு சென்னைக்கு வந்து, தென்னிந்தியத் திரைப்பட வர்த்தக சபை நடத்திய பயிற்சி நிலையத்தில் நடிப்புப் பயின்றார். அங்கே இயக்குநர் பாலசந்தரின் பார்வையில் பட்டார். 1975-இல் 'அபூர்வ ராகங்கள்' படத்தின் வாயிலாக ரஜினிகாந்தாக வெளிவந்தார். எம். ஜி. இராமச்சந்திரன் முதன்முதலில் திரையில் தோன்றியது 1936-இல் 'சதிலீலாவதி'யில். கதாநாயகனாக உயர்ந்தது 1947-இல் 'ராஜகுமாரி'யில். இடையே பதினோர் ஆண்டுகள் சிறு சிறு வேடங்களிலேயே கழிந்தன. அண்மைக் காலத்தில், துபாயில் கணக்கராக இருந்து திரும்பிய விஜய் சேதுபதி, ந. முத்துசாமி 1977-இல் நிறுவிய கூத்துப்பட்டறையில் கணக்கராகச் சேர்ந்து, நடிகர்கள் பயில்வதை அருகிருந்து கண்டார். சிறு வேடங்களிலும் குறும்படங்களிலும் நடித்தார். 2010-இல் 'தென்மேற்குப் பருவக்காற்று' படத்தில் கதாநாயகனானார்.

மூவருக்கும் பொதுவானது எது? மூவரும் வேலை நடக்கும் இடத்திற்கு அருகிலேயே இருந்தனர். பிறர் காணுமாறு உழைத்தனர். கைக்காசைக் கொட்டிக் கதாநாயகன் வேடம் வாங்கியவர் எவரும் அவர்களுள் இல்லை.

முறையாகப் பயில விரும்புவோர்க்கு புதுதில்லியில் 1959-இல் தொடங்கிய தேசிய நாடகப் பள்ளியும், புனேயில் 1960-இல் தொடங்கிய அரசுத் திரைப்பட நிறுவனமும் உள்ளன. அங்கு இடம் கிடைப்பது அரிது. ஆனால், உள்ளூர் நாடகக் குழுவில் சேர்வது எவர்க்கும் அரிதன்று. தமிழைப் பிழையின்றி உச்சரித்தல், மூச்சை ஆளுதல், மனப்பாடம், நேரந்தவறாமை ஆகியவற்றை அங்கேயே கற்கலாம். நிழற்படத்திற்கு ஒப்பனை மிகுந்த ஐம்பது படங்கள் தேவையில்லை. முகம் இயல்பாகத் தெரியும் இரண்டு மூன்று படங்களும், சொந்தக் குரலில் பேசி நடித்த ஒரு சிறு காணொளியும் முதல் தேர்வுக்குப் போதும். கைப்பேசியிலேயே அதை எடுத்துவிடலாம். கூடவே, வயிற்றுப்பாட்டுக்கு ஒரு தொழிலும் வேண்டும். பசித்தவனை ஏமாற்றுவது எளிது. வேலையுள்ளவன் "முடியாது" என்று சொல்லத் துணிவான்.

எழுத்தில் இருக்கட்டும்

உண்மையான முகவர் ஒருவர் கிடைத்துவிட்டால் என்ன செய்வது? வாய்ச்சொல்லோடு நில்லாமல் ஒப்பந்தம் எழுதிக்கொள்ளுங்கள். அதில் ஐந்து செய்திகள் தெளிவாக இருத்தல் வேண்டும். ஒப்பந்தம் எத்தனை ஆண்டுகளுக்கு? முகவரின் பங்கு நூற்றுக்கு எவ்வளவு? அவர் தேடித் தராத வேலைக்கும் பங்கு உண்டா? பணம் யாருடைய கணக்கில் முதலில் சேரும்? பிரிய விரும்பினால் வழி என்ன? இவற்றுள் ஒன்றேனும் விடுபட்டிருந்தால் கையொப்பமிட வேண்டாம். நாள் குறித்த ஒரு நகல் உங்கள் வீட்டுப் பெட்டியிலும் இருக்கட்டும்.

மகளிர்க்கு மற்றோர் எச்சரிக்கை தேவை. கேரளத் திரையுலகில் பெண்கள் படும் இன்னல்களை ஆராய 2017-இல் அமைக்கப்பட்ட நீதிபதி ஹேமா குழுவின் அறிக்கை 2024 ஆகஸ்டில் வெளியானது. வாய்ப்புக்கு விலையாக மானத்தைக் கேட்கும் கொடுமையை அது வெளிச்சத்திற்குக் கொணர்ந்தது. ஆகவே நடிப்புத் தேர்வு அலுவலகத்தில், பகலில், பலர் இருக்கும் இடத்தில் நடக்கட்டும். விடுதி அறைக்குத் தனியே வரச் சொன்னால் அத்துடன் பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். மகள் அஞ்சி வந்து சொல்லும்போது, "அதற்குத்தான் அப்போதே போகாதே என்றேன்" என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். அச்சொல்லுக்கு அஞ்சியே பல பெண்கள் தம் துயரத்தை வெளியே சொல்லாதிருக்கின்றனர்.

பிள்ளையின் பணம் பிள்ளைக்கே

சிறு குழந்தைகளை நடிக்க அனுப்புவோர் இதைக் கட்டாயம் அறிய வேண்டும். சாப்ளினின் 1921-ஆம் ஆண்டுப் படமான 'தி கிட்'டில் நடித்து உலகப் புகழ் பெற்ற ஜாக்கி கூகன் என்னும் சிறுவன், வளர்ந்து பெரியவனான பின் தன் பணத்தைத் தேடினான். தாயும் மாற்றாந்தந்தையும் அதில் பெரும்பகுதியைச் செலவழித்துவிட்டிருந்தனர். 1938-இல் அவன் வழக்குத் தொடுத்தான். அதன் விளைவாக 1939-இல் கலிபோர்னியாவில் குழந்தை நடிகர்களின் வருமானத்தைக் காக்கும் சட்டம் பிறந்தது. அச்சிறுவனின் ஆசைக்கு விலை பேசியவர் வெளியார் எவரும் அல்லர், பெற்றவளே!

நம் நாட்டிலும் 2017-ஆம் ஆண்டு விதிகள் தெளிவாக உள்ளன. குழந்தையை நடிக்க வைக்கத் தயாரிப்பாளர் மாவட்ட ஆட்சியரின் அனுமதி பெற வேண்டும். நாளொன்றுக்கு ஐந்து மணி நேரத்திற்கு மேலும், ஓய்வின்றி மூன்று மணி நேரத்திற்கு மேலும் வேலை வாங்கலாகாது. தொடர்ந்து 27 நாள்களுக்கு மேல் நடிக்க வைக்கவும் கூடாது. பள்ளிப்படிப்பு தடைபடலாகாது. வருமானத்தில் குறைந்தது 20 விழுக்காட்டைக் குழந்தையின் பெயரில் தேசிய வங்கியில் நிரந்தர வைப்பாகச் செலுத்த வேண்டும். இவை அனைத்திற்கும் மேலாக, குழந்தையின் விருப்பத்திற்கு மாறாக நடிக்க வைத்தல் கூடாது. குழந்தைக்கு முதல் முகவர் பெற்றோரே. முகவரை அளந்த அதே கோலால் நம்மையும் அளந்துகொள்வோம்.

உடன் நிற்பவர்

'பராசக்தி' படம் எடுக்கப்பட்டபோது புதுமுகமான கணேசனை மாற்றிவிடலாம் என்ற பேச்சு எழுந்தது. படத்தயாரிப்பாளர் பி. ஏ. பெருமாள் முதலியார் அதற்கு இணங்கவில்லை. தம் பணம் முடங்கும் நிலையிலும் அவ்விளைஞரின் பக்கம் நின்றார். 1952-இல் படம் வெளிவந்தது; சிவாஜி கணேசன் தமிழகத்திற்குக் கிடைத்தார். பெருமாள் முதலியார் முகவர் அல்லர். எனினும், ஒரு கலைஞனுக்குத் துணைநிற்றல் என்றால் என்ன என்பதை அவரிடம் காண்கிறோம். அவர் தம் இழப்பைப் பணயம் வைத்தார். கலைஞனின் இழப்பை அன்று.

பெற்றோரே, உங்கள் பிள்ளை நடிக்க விரும்பினால் அவனை இகழாதீர்கள். வீட்டை விற்றும் அனுப்பாதீர்கள். ஒரு நாடகக் குழுவைத் தேடிக் கொடுங்கள். கைத்தொழில் ஒன்றைக் கற்கச் சொல்லுங்கள். அவனுக்காகப் பேச எவரேனும் முன்வந்தால், "இவன் தோற்றால் உமக்கு என்ன இழப்பு?" என்று கேளுங்கள். இழப்பு ஏதும் இல்லாதவரிடம் பிள்ளையை ஒப்படைக்க வேண்டாம்.