ஆற்றங்கரைக்குப் போய் வந்தோம்

2009 இல் நந்திக்கடலை நெஞ்சளவு தண்ணீரில் கடந்து வந்தவர்கள் நாங்கள் இருவரும். அதற்குப் பிறகு தண்ணீர்க் கரை என்றாலே எங்களுக்கு நெஞ்சு பதறும். ரொரன்ரோவில் இத்தனை வருடம் இருந்தும் பிள்ளைகளை ஏரிக்கரைக்குக் கூட்டிப் போனதில்லை. "எல்லாரும் போகினம், நாங்கள் ஏன் போறேல்லை?" என்று மூத்தவன் கேட்கும்போதெல்லாம் தொழிற்சாலை வேலையைச் சாட்டாகச் சொல்லித் தப்பினோம்.

கடந்த கோடையில் அந்தச் சாட்டும் எடுபடவில்லை. கனடாக் கடவுச்சீட்டு கைக்கு வந்திருந்தது. வேலைத்தளமும் இரண்டு கிழமை பூட்டு. புட்டும் சம்பலும் கட்டிக்கொண்டு, பஃபலோ எல்லையைத் தாண்டி, நியூயோர்க் மாநிலத்திலுள்ள லெச்வேர்த் பூங்காவுக்குப் போனோம்.

பூங்கா என்றவுடன் ஊஞ்சலும் பூப்பாத்தியும் என்று நினைத்துவிடாதீர்கள். ஜெனசீ ஆறு பாறையை அறுத்துக்கொண்டு ஓடும் பெரிய பள்ளத்தாக்கு அது. 17 மைல் நீளம். கற்சுவர்கள் சில இடங்களில் 550 அடி உயரம். மூன்று பெரிய நீர்வீழ்ச்சிகள். நடுவில் உள்ளது மட்டும் 107 அடி. வில்லியம் லெச்வேர்த் என்ற வணிகர் தனது 1,000 ஏக்கர் காணியை 1906 இல் மாநிலத்துக்கு நன்கொடையாக எழுதிக் கொடுத்தாராம். எங்கள் ஊரில் வேலி ஒரு அடி தள்ளிப்போனாலே வழக்கு!

கீழ் நீர்வீழ்ச்சிக்கு நூற்றுக்கு மேற்பட்ட கற்படிகள் இறங்கவேண்டும். பாதி வழியில் தண்ணீர் இரைகிற சத்தம் கேட்டதும் கால் நடுங்கி நின்றுவிட்டோம். அந்தப் பூங்காவின் மதில்கள், படிகள், பாதைகள் பலவற்றையும் 1930களில் வேலையில்லாத இளைஞர்கள் அரசாங்க முகாம்களில் தங்கிக் கட்டினார்கள். மாதச் சம்பளம் 30 டொலர். அதில் 25 டொலர் நேரே வீட்டுக்குப் போய்விடும். மாதாமாதம் உண்டியலில் காசு அனுப்புகிற எங்களுக்கு அதை யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. அந்தப் பெடியள் அடுக்கிய கல் இன்னும் ஆடவில்லை. பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினோம். (செருப்போடு போகாதீர்கள், ஈரப்படி வழுக்கும்.)

ஆற்றில் இறங்கிக் குளிக்கத் தடை. மூத்தவனுக்கு முகம் கறுத்துவிட்டது. எங்களுக்கோ பெரிய ஆறுதல்.

"இந்தத் தண்ணி எங்கை போகுது?" என்று கேட்டான். வடக்கே றொச்செஸ்ரர் வழியாக ஒன்ராறியோ ஏரிக்கு என்றோம். எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் போகக்கூடிய அதே ஏரி.

"அப்ப வாற சனிக்கிழமை அங்கை போவம்."

அந்தச் சனிக்கிழமை ஓவர்டைமுக்குக் கூப்பிட்டார்கள். வரவில்லை என்று சொல்லிவிட்டு ஏரிக்கரைக்குப் போனோம்.