மையக் காட்சிப்பொருளாகப் பெரிய அளவு ஜெட் விமான மாதிரியைத் தேர்ந்தெடுத்தல்

பெரிய அளவு ஜெட் விமான மாதிரி என்பது பொதுவாக 1/32 அல்லது 1/24 அளவுவிகிதத்தில் வெளிவரும், பாலிஸ்டைரீன் நெகிழியால் ஆன, வாங்குபவரே ஒட்டி வண்ணம் பூசிச் செய்துகொள்ளும் விமான மாதிரியைக் குறிக்கும். விமான மாதிரிகளைச் சேகரிப்பவர்களின் அலமாரியில் பெரும்பாலும் 1/72, 1/48 அளவு மாதிரிகளே நிறைந்திருக்கும். அவற்றின் நடுவே பார்வையை முதலில் இழுக்கும்படி வைக்கப்படும் ஒரு பெரிய மாதிரியை மையக் காட்சிப்பொருள் எனலாம். இதற்கான தொகுப்புகள் விலை மிக்கவை. செய்து முடிக்கப் பல மாதங்கள் ஆகும். வாங்கிய பெட்டி திறக்கப்படாமல் பரணில் கிடப்பதும், பாதி ஒட்டிய உடற்பகுதி அட்டைப்பெட்டிக்குத் திரும்பிப் போவதும் இத்துறையில் மிகச் சாதாரணம். அதற்குக் காரணம் பெரும்பாலும் கைத்திறன் குறைவு அல்ல, தேர்வில் நேர்ந்த பிழையே.

அளவுவிகிதமும் இடமும்

1/32 என்றால் மாதிரியின் 1 செ.மீ. உண்மை விமானத்தின் 32 செ.மீ.க்குச் சமம். 1/72 மாதிரியோடு ஒப்பிட்டால் 1/32 மாதிரி நீளத்தில் 2.25 மடங்குதான். ஆனால் பரப்பில் அது ஏறத்தாழ 5 மடங்கு, கன அளவில் 11 மடங்குக்கும் மேல். 1/48-லிருந்து 1/32-க்குப் போகும்போதும் பரப்பு 2.25 மடங்காகிறது. பூச வேண்டிய வண்ணமும், தேய்த்து மென்மையாக்க வேண்டிய மேற்பரப்பும், தூசு படியும் இடமும் அதே கணக்கில் கூடும். கடைப் பெட்டியின் படத்தைப் பார்த்து நீளத்தை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்பவர்கள் இதை உணர்வதில்லை.

உண்மை விமானத்தின் நீளத்தையும் இறக்கை அகலத்தையும் 32-ஆல் வகுத்து, அந்த அளவில் ஒரு செய்தித்தாளை வெட்டி அலமாரியில் விரித்துப் பார்ப்பதே முதல் வேலை. எஃப்-15 கழுகு சுமார் 61 செ.மீ. நீளமும் 41 செ.மீ. அகலமும் பிடிக்கும். சுகோய்-27 சுமார் 68 செ.மீ. நீளமும் 46 செ.மீ. அகலமும் உடையது. வீடுகளில் உள்ள வழக்கமான புத்தக அலமாரியின் ஆழம் 30 செ.மீ. அளவே இருக்கும் என்பதால் இவை இரண்டும் அதில் அடங்கா. மாறாக எஃப்-104 ஸ்டார்ஃபைட்டர் 52 செ.மீ. நீளமாக இருந்தாலும் அதன் குட்டை இறக்கைகள் 21 செ.மீ. அகலத்தையே எடுத்துக்கொள்ளும். மிக்-21-இன் இறக்கை அகலம் சுமார் 22 செ.மீ. குறுகிய அலமாரி உள்ளவர்களுக்கு இவ்விரண்டும் நல்ல தேர்வுகள். உயரத்தையும் மறக்கக் கூடாது. சுகோய்-27-இன் வால் துடுப்பு 18 செ.மீ.க்கு மேல் எழும்.

வானூர்தி தாங்கிக் கப்பல்களுக்காக வடிவமைக்கப்பட்ட விமானங்களில் இந்தச் சிக்கலுக்கு விமானமே தீர்வு வைத்திருக்கிறது. எஃப்-14 டாம்கேட்டின் இறக்கைகள் விரிந்த நிலையில் 1/32 அளவில் 61 செ.மீ. அகலம் வரும். பின்னோக்கி மடக்கினால் அது சுமார் 36 செ.மீ. ஆகக் குறைந்துவிடும். கப்பல் தளத்தில் இடத்தைச் சேமிக்கவும் உதவிய ஏற்பாடு வீட்டு அலமாரிக்கும் உதவுகிறது. எஃப்-4 ஃபேண்டம் விமானத்தின் வெளி இறக்கைகளையும் மேல்நோக்கி மடித்துக் காட்டலாம்.

வார்ப்பு அச்சின் வயது

பெட்டியின் மேல் உள்ள படம் புதிதாக இருக்கலாம், உள்ளே உள்ள நெகிழி நாற்பது ஆண்டுகளுக்கு முன் வெட்டிய அச்சில் வார்த்ததாக இருக்கலாம். நிறுவனங்கள் தங்கள் பழைய அச்சுகளைப் புதிய ஒட்டுப்படங்களுடன் மீண்டும் வெளியிடுவதும், ஒரு நிறுவனத்தின் வார்ப்பை மற்றொன்று தன் பெட்டியில் விற்பதும் வழக்கம். 1/72 அளவில் இத்தாலெரியின் சில தொகுப்புகள் தமியாவின் பெட்டியிலும் வந்துள்ளன. எனவே பெட்டியில் உள்ள பெயரை மட்டும் நம்பாமல், அந்த அச்சு முதன்முதலில் எந்த ஆண்டு வெளிவந்தது என்பதைத் தேடிப் பார்க்க வேண்டும். ஸ்கேல்மேட்ஸ் என்னும் இணையத் தரவுத்தளம் ஒவ்வொரு தொகுப்பின் வெளியீட்டு வரலாற்றையும் வரிசையாகக் காட்டுகிறது.

இதற்கு டாம்கேட் நல்ல எடுத்துக்காட்டு. தமியாவின் 1/32 எஃப்-14 1980-களின் தொடக்கக் காலத்து அச்சு. அதன் தகட்டு இணைப்புக் கோடுகள் மேடாக எழும்பியவை. மூட்டுகளைத் தேய்க்கும்போது அவை அழிந்துவிடும், மீண்டும் கையால் கீற வேண்டியிருக்கும். அதே நிறுவனத்தின் 1/48 எஃப்-14ஏ 2016-இல் முற்றிலும் புதிய வடிவமைப்பாக வந்தது. பள்ளமாகக் கீறிய மெல்லிய கோடுகளும் துல்லியமான பொருத்தமும் கொண்டது. அளவில் சிறியதாயினும் நன்றாக முடிக்கப்பட்ட 1/48 டாம்கேட், பாதி அழிந்த கோடுகளுடன் நிற்கும் 1/32 டாம்கேட்டைவிட அலமாரியின் நடுவில் நிற்கத் தகுதியானது என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. பழைய அச்சை விரும்பிச் செய்பவர்களும் உண்டு. அவர்கள் கோடு கீறும் வேலையையே பொழுதுபோக்காகக் கொள்கிறார்கள்.

பள்ளக் கோடுகளுக்கும் ஒரு வரம்பு உண்டு. 1/32 அளவில் 0.3 மி.மீ. அகலக் கோடு உண்மை விமானத்தில் ஏறத்தாழ 1 செ.மீ. இடைவெளிக்குச் சமம். அதற்குமேல் அகலமாகவும் ஆழமாகவும் கீறப்பட்ட தொகுப்பு, சிறிய படத்தில் மிடுக்காகத் தெரிந்தாலும், நேரில் பொம்மைபோல் தோன்றும். பெரிய மாதிரியை மக்கள் அருகில் வந்து பார்ப்பார்கள் என்பதால் இக்குறை இங்கே கூடுதலாக உறுத்தும்.

பாகங்களின் எண்ணிக்கையைத் தரத்தின் அளவுகோலாகக் கொள்ளவும் கூடாது. சில தொகுப்புகளில் முழு எஞ்சினே பல பாகங்களாக வரும். உடற்பகுதியை மூடியபின் அதில் வெளியேற்றுக் குழாயைத் தவிர எதுவும் தெரியாது. மாறாகக் காற்று உள்வாயின் உட்புறம் மூட்டுத் தெரியாமல் அமைந்துள்ளதா, விமானி அறையின் இருக்கை எப்படி இருக்கிறது, கண்ணாடி மூடி தெளிவாக உள்ளதா என்பவையே கண்ணில் படுபவை. நடுவில் வெட்டிய நீண்ட உடற்பகுதி உள்ள தொகுப்புகளில் முன், பின் பகுதிகள் சேரும் இடம் எப்படிப் பொருந்துகிறது என்பதை ஏற்கெனவே செய்தவர்களின் படங்களில் பார்த்துவிட வேண்டும்.

எடையும் கால்களும்

சிறிய மாதிரிகளில் எழாத ஒரு சிக்கல் இங்கே முதன்மையாகிறது. மூன்று சக்கரத்தில் நிற்கும் ஜெட் விமானங்கள் பல பின்பக்கம் கனமானவை. மூக்கில் எடை வைக்காவிட்டால் மாதிரி வாலை ஊன்றி உட்கார்ந்துவிடும். எடை வைத்தாலோ மெல்லிய நெகிழிக் கால்கள் அத்தனையையும் ஆண்டுக்கணக்கில் தாங்க வேண்டும். கால்கள் மெல்ல விரிந்து ஒரு பக்கம் சாய்ந்துபோன மாதிரிகளைப் பல சேகரிப்புகளில் காணலாம். ஆகவே உலோகக் கால்கள் தொகுப்பிலேயே உள்ளனவா, இல்லையேல் தனியாகக் கிடைக்கின்றனவா என்று வாங்குமுன் பார்க்க வேண்டும்.

மூக்கு எடைக்குத் தூண்டில் ஈயக் குண்டுகளைப் பயன்படுத்துவோர் அவற்றை வெள்ளைப் பசையால் ஒட்டக் கூடாது. அப்பசையிலிருந்து வரும் அசிட்டிக் அமிலம் ஈயத்தை அரித்து ஈயக் கார்பனேட்டாக மாற்றும். அது பருத்துச் சில ஆண்டுகளில் மூக்கையே பிளந்துவிடும். எஃகுக் குண்டுகளும் எப்பாக்சிப் பசையும் பாதுகாப்பானவை. இதேபோல, மென்மையான வினைல் டயர்களில் உள்ள நெகிழ்வூட்டி நாளடைவில் பாலிஸ்டைரீன் சக்கரத்தைக் கரைக்கக்கூடும். ரெசின் சக்கரங்களுக்கு மாற்றிவிடுவது நல்லது.

எந்த விமானம்?

சேகரிப்பின் மற்ற மாதிரிகளோடு உறவுள்ள விமானமே நடுவில் நிற்க வேண்டும். வியட்நாம் போர்க்கால விமானங்களைச் சேர்த்தவரிடம் ஃபேண்டம் இயல்பாகப் பொருந்தும். தமியா 1990-களில் வெளியிட்ட 1/32 ஃபேண்டம் வரிசை இன்றும் மதிக்கப்படுகிறது. இந்திய வான்படை விமானங்களைச் சேர்ப்பவருக்கு மிக்-21 முதலில் நினைவுக்கு வரும். 1963-இல் சேவையில் சேர்ந்த அவ்விமானம் 2025 செப்டம்பரில்தான் ஓய்வு பெற்றது. டிரம்பீட்டர் நிறுவனம் 1/32 அளவில் இதன் பல வகைகளை வெளியிட்டுள்ளது. ஆனால் வகைகளுக்கிடையே முதுகுப் பகுதியின் பருமனும் மூக்கு உள்வாயின் அளவும் வேறுபடுகின்றன. தொடக்கக்கால எஃப்-13-இன் மெலிந்த முதுகைப் 'பிஸ்' வகையின் பருத்த முதுகாக மாற்றுவது சிறிய வேலையன்று. ஒட்டுப்படத்தைத் தனியாக வாங்கி ஒட்டினால் வேறு வகை விமானமாகிவிடாது. எந்தப் படைப்பிரிவின் எந்த வகை விமானம் வேண்டும் என்று முடிவு செய்த பிறகே தொகுப்பைத் தேட வேண்டும்.

ஆயுதங்களைப் பொறுத்தவரை, பெட்டியில் உள்ள அனைத்தையும் தொங்கவிடும் ஆசையை அடக்குவது நல்லது. டாம்கேட் ஆறு பீனிக்ஸ் ஏவுகணைகளைச் சுமக்க வல்லது, ஆனால் பணியில் அப்படிப் பறந்தது அரிது. இறக்கைக்குக் கீழே குண்டுகள் குவிந்தால் விமானத்தின் வடிவம் மறைந்துபோகும்.

செலவும் பராமரிப்பும்

தொகுப்பின் விலை செலவின் ஒரு பகுதிதான். இத்தனை பரப்பில் தூரிகையால் சீராகப் பூசுவது கடினம். காற்றுத் தூரிகையும் அமுக்கியும் இல்லாதவர்கள் அச்செலவையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். ரெசின் இருக்கை, உலோக அழுத்தக் குழல், எடுவார்டு போன்ற நிறுவனங்களின் அரிப்புத் தகட்டுப் பாகங்கள் எல்லாம் விருப்பத்துக்குரியவை. ஒன்று மட்டும் வாங்க முடியுமெனில் நல்ல இருக்கையை வாங்கலாம், ஏனெனில் திறந்த கண்ணாடி மூடிக்குள் முதலில் தெரிவது அதுவே. எளிதில் தீப்பிடிக்கும் வண்ணங்கள் வான்வழி அஞ்சலில் ஏற்கப்படுவதில்லை. வெளிநாட்டிலிருந்து தொகுப்பை வரவழைப்பவர்கள் வண்ணத்தை உள்நாட்டிலேயே வாங்கத் திட்டமிட வேண்டும்.

பழைய பெட்டியை வேறொருவரிடமிருந்து வாங்கும்போது கண்ணாடி மூடியில் கீறல் உள்ளதா, சட்டங்களிலிருந்து பாகங்கள் உடைந்து தொலைந்துள்ளனவா என்று பார்க்க வேண்டும். ஒட்டுப்படத் தாள் மஞ்சளித்திருந்தால் அதை நெகிழிப் பையிலிட்டுச் சில நாட்கள் சன்னல் கண்ணாடியில் ஒட்டி வெயில்படச் செய்தால் பெரும்பாலும் வெளுக்கும். ஆனால் செய்து முடித்த மாதிரியை அதே சன்னலருகே வைக்கக் கூடாது. வெயில் வண்ணத்தை மங்கச் செய்யும்.

அக்ரிலிக் பேழை தூசைத் தடுக்கும். இந்த அளவுக்கு அது கடையில் ஆயத்தமாகக் கிடைப்பது அரிது என்பதால் அளவு கொடுத்துச் செய்விக்க வேண்டியிருக்கும். பேழையின் அடித்தளத்தில் மாதிரியை நிலையாகப் பொருத்திவிட்டால், வீடு மாறும்போது விமானத்தைத் தொடாமல் பலகையைப் பிடித்தே தூக்கலாம். உடைபவை பெரும்பாலும் மூக்கு அழுத்தக் குழலும் வானலை வாங்கிக் கம்பிகளும் என்பதால், அவற்றைக் கழற்றி மாட்டும் வகையில் பொருத்துவது உண்டு.