மட்டிக் குஞ்சின் முதல் பதினைந்து நாள்

வைகை அணையில் மீன்வளத்துறையின் மீன்குஞ்சுப் பண்ணை இருப்பது தேனிப் பக்கத்தில் பலருக்கும் தெரியும். கட்லா, ரோகு போன்ற மீன்களுக்கு ஹார்மோன் ஊசி போட்டு முட்டையிட வைப்பது இன்று சாதாரண வேலை. சாப்பிடும் மட்டிக்கும் இப்படிக் குஞ்சு எடுக்கலாமா?

எடுக்கலாம். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் தூத்துக்குடி மையம் 1980களிலேயே இதைச் செய்து காட்டியது. மட்டிக்கு ஊசி வேண்டாம். முதிர்ந்த மட்டிகளைத் தொட்டியில் விட்டு, கடல்நீரின் வெப்பத்தைச் சில டிகிரி உயர்த்தினால் போதும். ஆண் விந்தையும் பெண் முட்டையையும் தண்ணீரிலேயே விட்டுவிடும், கருவும் அங்கேயே உண்டாகிவிடும்.

கவலை அதற்குப் பிறகுதான். ஏறக்குறைய ஒரே நாளில் கருவுக்கு இரு ஓடுகள் முளைத்துவிடுகின்றன. நுண்ணோக்கியில் பார்த்தால் ஆங்கில 'டி' எழுத்தின் வடிவம், ஓரத்தில் துடிக்கும் மயிரிழைகள். அந்த இழைகளால்தான் அது நீந்துகிறது, ஐசோகிரைசிஸ் என்ற நுண்பாசியைத் தின்கிறது. பாசி குறைந்தால் பட்டினி. கூடினால் தண்ணீர் கெட்டு பாக்டீரியா பெருகும். ஒரே தொட்டியில் நெருக்கமாக விட்டாலும் சாவுதான். அதனால் தண்ணீர் மாற்றுவதும், நுண்வலையில் வடிகட்டிப் பிரிப்பதும் ஓயாத வேலை. சுமார் இரண்டு வாரத்தில் ஒரு சின்னக் கால் வெளியே நீள்கிறது. கொஞ்சம் நீந்தும், கொஞ்சம் ஊரும். தோதான தரை கிடைத்ததும் படிந்துவிடும். அதன்பின் அதற்கு நீச்சல் கிடையாது. சில மில்லிமீட்டர் வளர்ந்த குஞ்சை நண்டு தின்னாமல் வலைக்கூண்டில் காத்து, பிறகு கழிமுகத்தில் விதைப்பார்கள். தீவனச் செலவே இல்லை. தண்ணீரில் மிதக்கும் பாசியே அதற்குச் சாப்பாடு.

இந்தக் கடல் மட்டியை வைகை அணையில் வளர்க்க முடியாது, உப்புநீர் வேண்டும். நம் குளங்களிலும் கண்மாய்களிலும் கிடக்கும் நன்னீர் மட்டியின் பிறப்போ வேறு மாதிரி. தாய் தன் செவுளிலேயே முட்டைகளை அடைகாத்து, இளவுயிரிகளை வெளியே விடும். அவை ஏதாவது ஒரு மீனின் செவுளிலோ துடுப்பிலோ ஒட்டிக்கொண்டு கொஞ்சகாலம் இருந்தால்தான் மட்டியாக மாறும். மீன் இல்லாத குளத்தில் அடுத்த தலைமுறை வராது.

இந்த நன்னீர் மட்டிக்குள் முத்து வளர்க்கிறவர்கள் பலர் இன்னும் குளத்து மட்டியைத்தான் அள்ளிவருகிறார்கள். குஞ்சு எடுத்துப் பெருக்காமல் அள்ளிக்கொண்டே இருந்தால் குளம் காலியாகும். அரசு நன்னீர் மட்டிக்கு ஒரு பொரிப்பகம் அமைத்தே ஆகவேண்டும் என்பது என் எண்ணம். அப்படியொரு பொரிப்பகம் வந்தால், எந்த மீனில் மட்டிக் குஞ்சு நன்றாக ஒட்டுகிறது என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். வைகை அணைப் பண்ணையில் அந்தச் சோதனைக்கு மீனுக்குப் பஞ்சமில்லை.