மலை உச்சிக்கும் எட்டாத கதிர்கள்

போளூரிலிருந்து ஜமுனாமரத்தூர் வழியாக ஆலங்காயத்துக்குச் செல்லும் ஜவ்வாது மலைப்பாதையில் உள்ள காவலூரில், இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் வைணு பாப்பு வானாய்வகம் அமைந்துள்ளது. அங்குள்ள 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986 முதல் விண்மீன்களை ஆராய்ந்து வந்தாலும், கருந்துளையிடம் சிக்கிக் கிழிபடும் விண்மீனிலிருந்து புறப்படும் எக்ஸ் கதிர்கள் அதன் பார்வைக்கு வருவதில்லை. புவியின் வளிமண்டலம் அவற்றை வழியிலேயே உறிஞ்சிவிடுகிறது. அவற்றைப் பிடிக்கும் எக்ஸ் கதிர்த் தொலைநோக்கிகளோடு, அதே நிறுவனத்தின் தலைமையில் உருவான புறஊதாத் தொலைநோக்கியையும் சுமந்துகொண்டு, 2015 செப்டம்பர் 28 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஆஸ்ட்ரோசாட் விண்ணுக்குச் சென்றது.

விண்மீன் ஏன் கிழிகிறது? ஈர்ப்பு தொலைவுக்கேற்பக் குறைவதால், கருந்துளையை நோக்கிய பக்கம் மறுபக்கத்தைவிட வலுவாக இழுக்கப்படுகிறது. கடலில் ஓதத்தை எழுப்பும் நிலவின் ஈர்ப்பு வேறுபாடும் இத்தகையதே என்பதால் இது ஓதவிசை எனப்படுகிறது. சூரியனைப் போல 10 லட்சம் மடங்கு நிறையுள்ள கருந்துளையைச் சூரியனையொத்த விண்மீன் ஏறத்தாழ 7 கோடி கிலோமீட்டருக்குள் நெருங்கினால், தன் ஈர்ப்பால் தன்னைக் கட்டிவைக்க இயலாமல் நீண்ட வாயு இழையாகச் சிதைகிறது. அதில் ஏறக்குறையப் பாதி வெளியே வீசப்பட, எஞ்சியது திரும்பி வந்து கருந்துளையைச் சுற்றித் தட்டுபோலப் படிந்து, லட்சக்கணக்கான பாகை வெப்பமடைந்து எக்ஸ் கதிர்களை உமிழ்கிறது. கருந்துளை சூரியனைப் போல ஏறத்தாழ 10 கோடி மடங்குக்கும் மேலாகப் பெருத்துவிட்டாலோ, அத்தகைய விண்மீன் கிழிபடாமல் முழுதாக விழுங்கப்படுவதால், வெளிச்சமே எழுவதில்லை.

இரை குறையக் குறைய இக்கதிர்களும் மங்கும்; அவ்வாறு மங்கும்போதே அவை காட்டும் ஏற்றத்தாழ்வுகள்தாம் ஆய்வாளருக்குக் கிடைத்த பெரும்பேறு. 29 கோடி ஒளியாண்டுத் தொலைவில் 2014ஆம் ஆண்டு கண்டறியப்பட்ட ஒரு சிதைவில், 131 நொடிகளுக்கு ஒருமுறை எக்ஸ் கதிர் ஏறி இறங்கியதை தீரஜ் பாஷம் தலைமையிலான குழு 2019இல் வெளியிட்டது. அத்துணை விரைவான துடிப்பு கருந்துளையின் விளிம்பையொட்டிய வாயுவிலிருந்தே எழ முடியும் என்பதால், அக்கருந்துளை ஒளிவேகத்தின் பாதிக்குக் குறையாத வேகத்தில் சுழல்கிறது எனக் கணக்கிடப்பட்டது.

2019இல் காணப்பட்ட ஏடி2019கியூஐஇசட் என்னும் சிதைவு இதனினும் வியப்பானது. 21 கோடி ஒளியாண்டுக்கு அப்பாலுள்ள அது அடங்கிப்போனதாகக் கருதப்பட்ட நிலையில், சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயரைத் தாங்கிய சந்திரா விண்கலம் 2023 டிசம்பரில் அங்கிருந்து எக்ஸ் கதிர் வெடிப்புகள் கிளம்புவதைக் கண்டது. ஏறத்தாழ 48 மணி நேரத்துக்கொருமுறை அவை நிகழ்ந்ததை உறுதிசெய்த கருவிகளுள் ஆஸ்ட்ரோசாட்டும் ஒன்று. சிதைந்த விண்மீனின் வாயுத்தட்டு ஆண்டுக்கணக்கில் வெளிநோக்கி விரிந்து, அதற்கு முன்பே கருந்துளையைச் சுற்றிக்கொண்டிருந்த வேறொரு விண்மீனின் அல்லது சிறு கருந்துளையின் பாதையை எட்டியதும், அப்பொருள் ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை தட்டைத் துளைத்துச் செல்வதே இவ்வெடிப்புகளுக்குக் காரணம் என்று ஆய்வாளர் விளக்குகின்றனர்.