கட்டைக்கூத்து வேட அணிகள்: கிரீடம், மார்புப் பதக்கம், புஜக்கட்டை

துரியோதனன், கர்ணன், அர்ச்சுனன் போன்ற வீர வேடங்களுக்கு உரிய மர அணிகள் இவை. காஞ்சிபுரம் வட்டாரக் கூத்தில் இவற்றுக்குக் 'கட்டை' என்று பெயர். திரௌபதிக்குக் கட்டை கிடையாது. சேலையே அவள் வேடம்.

எடை குறைந்த மரத்தைச் செதுக்கி வண்ணம் தீட்டி, கண்ணாடித் துண்டுகளும் பளபளப்பான வண்ணத் தாளும் ஒட்டுவார்கள். கிரீடமும் புஜக்கட்டையும் அணிந்தவர் விடியும்வரை பாடுகிறார், ஆடுகிறார், சுழல்கிறார். ஆகவே பார்வைக்குக் கனத்த பொன்னாகத் தோன்றும் அணி, உடம்புக்கு லேசாக இருக்க வேண்டும். அந்தக் கைவண்ணத்தை அருகில் நின்று பாருங்கள். தீவட்டி, பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் ஆடிய காலத்தில் இந்தச் சிறு கண்ணாடிகள்தாம் தொலைவில் அமர்ந்தவருக்கும் அரசனை அடையாளம் காட்டின.

நடிகர் தம் முகத்துக்குத் தாமே அரிதாரம் பூசி, சக நடிகர் துணையோடு அணிகளைக் கயிற்றால் இறுகக் கட்டிக்கொள்வார். இடுப்பைச் சுற்றிப் புடைத்து நிற்கும் பாவாடையும் அப்போதே கட்டப்படும்.

திரௌபதி அம்மன் கோயில்களின் பாரத விழாக்களில் இவ்வணிகளை இன்றும் காணலாம். கலைஞர் பெ. ராஜகோபாலும் ஹன்னே டி புரூயினும் முன்னின்று 1990இல் தொடங்கிய கட்டைக்கூத்துச் சங்கம், காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சரசந்தாங்கலில் உள்ளது.