பொலோனியா எஞ்சின், வரேசே யானை

இத்தாலியின் வடக்கே வரேசே ஏரிக்கரையில் இயங்கிய காஜிவா நிறுவனத்தின் சின்னம் யானை. 1980-களின் நடுவில் அது கொண்டுவந்த நெடும்பயண பைக்குக்கும் ‘எலஃபான்ட்’ என்றே பெயர். கரடுமுரடான பாதைக்கென்று உயர்ந்த இருக்கை, பெரிய டேங்க், கனத்த உடம்பு. தயாரிப்பு நின்று கால் நூற்றாண்டு கடந்தும், வைத்திருப்பவர்கள் லேசில் விற்பதில்லை.

காஜிவாவின் கஸ்திலியோனி சகோதரர்கள் 1978-இல் ஹார்லி டேவிட்சனிடமிருந்து வரேசே தொழிற்சாலையை வாங்கியவர்கள். சின்ன பைக்குகளில் நன்றாகவே வளர்ந்தார்கள். பெரிய எஞ்சின்தான் கைவசம் இல்லை. பொலோனியாவில் இருந்த டுகாட்டியிடம் எஞ்சின் இருந்தது, வசதி இல்லை. முதலில் எஞ்சின்களை வாங்கினார்கள். 1985-இல் டுகாட்டியையே வாங்கிவிட்டார்கள். தார்ச்சாலையில் பறக்கப் பிறந்த எஞ்சின் பாலைவன பைக்குக்குள் வந்து உட்கார்ந்தது இப்படித்தான்.

அந்த எஞ்சினில் இரண்டு சிலிண்டர்கள். ஒன்று முன்சக்கரத்தை நோக்கி ஏறத்தாழ படுத்திருக்கும், மற்றது அதற்கு 90 டிகிரியில் நிமிர்ந்து நிற்கும். ஒரு வெடிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவே கிராங்க் ஒருமுறை 270 டிகிரி சுழலும், மறுமுறை 450 டிகிரி. அந்தச் சமனில்லாத துடிப்பைக் கேட்டே பைக்கை அடையாளம் சொல்பவர்கள் உண்டு.

வால்வு விஷயம் இன்னும் சுவையானது. வழக்கமான எஞ்சினில் கேம் வால்வைத் திறக்கும். தானாகச் சாத்திக்கொள்ளும் கதவுபோல, ஸ்பிரிங் அதை மூடும். வேகம் எல்லை மீறினால் ஸ்பிரிங் பின்தங்கிவிடும். ஃபாபியோ தாலியோனி என்ற டுகாட்டிப் பொறியாளர் 1956-இல் ஒரு 125 சிசி பந்தய பைக்கில், மூடும் வேலையையும் கேமிடமே ஒப்படைத்தார். இதுதான் ‘டெஸ்மோ’. எலஃபான்டில் மொத்தம் நான்கு வால்வுகள். ஒவ்வொன்றுக்கும் திறக்க ஒரு ராக்கர் நெம்புகோல், மூட ஒரு ராக்கர். ஆகவே எட்டு இடைவெளிகளை அளந்து சரிசெய்ய வேண்டும். கேம்களைச் சுழற்றுபவை இரண்டு ரப்பர் பெல்ட்டுகள். பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும், எஞ்சின் போயிற்று. அதனால் வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் இரண்டு ஆண்டுக்கொரு தரம் மாற்றிவிடுவது வழக்கம். மணலுக்கும் சேற்றுக்கும் போகிற வண்டிக்கு இவ்வளவு நுணுக்கம் எதற்கு என்றால், நியாயமான கேள்விதான்.

இந்த எஞ்சினோடுதான் பந்தய வீரர் எடி ஓரியோலி 1990-இலும் 1994-இலும் டாக்கர் பாலைவனப் பந்தயத்தை வென்றார். பைக் பிரிவில் இத்தாலியத் தயாரிப்பு ஒன்று அங்கே வென்றது 1990-இல்தான் முதல்முறை. வைத்திருப்பவர்களின் பிரியத்துக்கு இதையே காரணமாகச் சொல்வார்கள். எனக்கென்னவோ, பந்தயப் புகழ் மட்டும் ஒரு பைக்கை முப்பது ஆண்டு ஓட வைக்காது என்று தோன்றுகிறது. எலஃபான்டின் 900 மாடலில் இருந்த 904 சிசி எஞ்சின் குடும்பம்தான் டுகாட்டியின் மான்ஸ்டர் 900-லும் இருந்தது. மான்ஸ்டர் நன்றாக விற்ற பைக். ஆகவே பெல்ட், கேஸ்கெட், பேரிங் எல்லாம் இன்றும் கிடைக்கின்றன. வீட்டுக் கொட்டகையிலேயே பிரித்துப் பூட்டப் பழகியவர்கள் கைவிடாமலிருப்பது அதனால்தான்.

பிளாஸ்டிக் பாகங்கள் கதை வேறு. அவை இந்த பைக்குக்கே உரியவை, உடைந்தால் தேடி அலைய வேண்டும். பாகத்துக்காகவே ஓடாத இன்னொரு வண்டியை வாங்கிப் போடுபவர்களும் உண்டு. வாங்க நினைப்பவர் பெயின்டைப் பார்க்கும் முன் பெல்ட் மாற்றிய பில்லைக் கேட்க வேண்டும். பில் இல்லையென்றால் அந்தச் செலவை விலையில் கழித்துக்கொண்டு, புது பெல்ட் போட்ட பிறகே ஸ்டார்ட் செய்வது நல்லது.